நம்பி வீட்டுக்குள் விடக்கூடிய எலக்ட்ரீஷியனை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் புது வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நாள் இரவு பாதி வீட்டுக்குக் கரண்ட் இல்லை. போனில் தேடியபோது கிடைத்த முதல் எண்ணை அழைத்திருக்கிறார். வந்தவர் டிபி பாக்ஸை (வீட்டின் எல்லா லைன்களும் பிரியும் பெட்டி) திறந்து, அடிக்கடி டிரிப் ஆகிக்கொண்டிருந்த, அதாவது தானாக விழுந்துகொண்டிருந்த 10 ஆம்பியர் எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் லைனைத் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்சிபி ஒன்றை மாட்டினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் டிரிப் ஆகவே இல்லை. ஆனால் ஹாலில் இருக்கும் ஸ்விட்ச் போர்டைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறதாம். "இது சரிதானா? அடுத்த முறை நல்ல ஆளை எப்படிப் பிடிப்பது?" என்று கேட்கிறார்.

சரியில்லை. ஆள் தேடுவது இருக்கட்டும், முதலில் எழுந்து போய் அந்த 32 ஆம்பியர் எம்சிபியை ஆஃப் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இருபது வருடங்களுக்கு மேலாக வீட்டு வயரிங் வேலையில் இருக்கிறேன். இப்போதெல்லாம் நானே வேலை செய்வதைவிட, மற்றவர்கள் செய்துவைத்ததைப் பிரித்துப் பார்ப்பதுதான் அதிகம். அப்படிப் பார்க்கும்போது மிக அதிகமாகக் கண்ணில் படும் தவறு இதுதான். எம்சிபி இருப்பது ஃபேனையோ டிவியையோ காப்பாற்ற அல்ல, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. விளக்கு, ஃபேனுக்குப் போகும் லைனில் பெரும்பாலும் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர்தான் இருக்கும். அதற்கு 10 ஆம்பியர் எம்சிபி பொருத்தம். பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால் 16 அல்லது 20. வயர் போகும் விதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறலாம், ஆனால் 1.5 வயரில் 32 என்பது எந்தக் கணக்கிலும் வராது. வயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10 ஆம்பியர் போன இடத்தில் 20 போனால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 32 ஆம்பியர் எம்சிபி அந்த 20 ஆம்பியரைப் பார்த்து அசையக்கூட அசையாது. உங்கள் வீட்டில் 10 ஆம்பியர் எம்சிபி டிரிப் ஆனது ஒரு புகார். வந்தவர் புகாரை விசாரிக்காமல், புகார் சொன்னவன் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என்னைக் கேட்டால், நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அடையாளம் இந்த ஒன்றுதான்: காரணத்தைத் தேடாமல் கை வைக்கமாட்டார். சான்றிதழ், அனுபவம், நட்சத்திர மதிப்பெண் எல்லாம் இதற்கு அடுத்துத்தான். காரணத்தைத் தேடுகிறாரா என்பதை நமக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நின்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு, இருட்டில், குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது தேடினால் யார் போனை எடுக்கிறாரோ அவர்தான் நல்லவர். அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. ஆகவே எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளைப் பிடித்துவைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், ஆனால் கேட்கும் விதத்தில் விஷயம் இருக்கிறது. "நல்ல எலக்ட்ரீஷியன் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு பெயர் சொல்வார்கள். "அவர் சரிசெய்த பிறகு அதே கோளாறு திரும்ப வந்ததா? வந்தபோது கூப்பிட்டால் வந்தாரா?" என்று கேளுங்கள். பாதிப் பெயர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். முதல் வேலைக்கு எல்லோரும் வருவார்கள். தான் செய்த வேலை சரியில்லை என்று கூப்பிடும்போது போனை எடுப்பவர்தான் கிடைப்பது கஷ்டம்.

வீட்டுக்காரர்களைவிட நல்ல சாட்சிகளும் உண்டு. ஏசி மெக்கானிக், பிளம்பர், கட்டட மேஸ்திரி ஆகியோர் மற்றவர்கள் செய்த வயரிங்கைத் திறந்து பார்த்தவர்கள். சாமான் விற்கும் எலக்ட்ரிகல் கடைக்காரருக்கும் தெரியும், யார் எர்த் வயரைச் சேர்த்து வாங்குகிறார், யார் "அது வேண்டாம், காசு மிச்சம்" என்கிறார் என்று. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பராமரிப்பைப் பார்ப்பவரிடம் கேட்கலாம். ஆனால் அவருக்குக் கமிஷன் ஏதாவது உண்டா என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பார்ப்பதானால் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, ஒன்று இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதையும், அதற்கு அவர் சொன்ன பதிலையும் படியுங்கள். "அருமையான சேவை" என்பதால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. "பாத்ரூம் ஹீட்டர் ஓடும்போது மட்டும் ஆர்சிசிபி விழுந்துகொண்டிருந்தது, ஹீட்டர் காயிலில் லீக்கேஜ் என்று கண்டுபிடித்தார்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. (ஆர்சிசிபி என்பது கரண்ட் எங்காவது கசிந்தால் லைனை அணைக்கும் ஸ்விட்ச், பின்னால் விளக்குகிறேன்.)

உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல நாடுகளில் உரிமம் இல்லாமல் வீட்டு வயரிங்கில் கை வைப்பதே சட்டப்படி தவறு. உரிம எண்ணைக் கொடுத்த அலுவலகத்தில் விசாரித்தும் பார்க்கலாம். உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்று சொல்லமாட்டேன், மோசமான வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏதாவது நடந்துவிட்டால், காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்றாக இருக்கும்.

அப்புறம் போன் பேச்சு. போனிலேயே ஆளைப் பாதி எடைபோட்டுவிடலாம். நல்லவர் உங்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்பார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, எந்தெந்த அறையில், அந்த நேரத்தில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, மழை பெய்ததா, சுவரில் சமீபத்தில் ஆணி ஏதாவது அடித்தீர்களா என்றெல்லாம் கேட்பார். கடைசிக் கேள்வி சிரிப்பாகத் தோன்றும், ஆனால் படம் மாட்ட அடித்த ஆணி வயரில் இறங்கியதை நானே மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே கேட்காமல் "வந்து பார்த்துடலாம் சார், இவ்வளவு ஆகும்" என்று தொகை சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. கோளாறு என்னவென்று தெரியாமல் அதற்கு விலை எப்படித் தெரியும்? வந்து பார்ப்பதற்கு என்ன கூலி, மணிக்கணக்கா வேலைக்கணக்கா, சாமான் யார் வாங்குவது, இரவில் வந்தால் எவ்வளவு கூடுதல் ஆகிய நான்கையும் நீங்கள் கேட்டுவையுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். பெயர் கிடைத்தவுடன் பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு பிளக் பாயின்ட் மாற்றுவது, ஃபேன் ரெகுலேட்டர் போடுவது போல ஒரு சில்லறை வேலையைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். தொல்லை கொடுக்காமல், சும்மா பாருங்கள்.

போர்டைத் திறப்பதற்கு முன் எம்சிபியையோ மெயினையோ ஆஃப் செய்கிறாரா? "இதெல்லாம் பழக்கம்தான்" என்று உயிரோடு இருக்கும் வயரில் கை வைப்பவரைத் தைரியசாலி என்று நினைக்காதீர்கள். அடுத்தது, ஆஃப் செய்த பிறகு உண்மையிலேயே கரண்ட் இல்லையா என்று சோதிக்கிறாரா? நன்றாகக் கற்றவர்கள் இதை ஒரு வரிசையோடு செய்வார்கள். கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள், அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில், மறுபடி முதல் இடத்தில். மீட்டரே கெட்டுப்போயிருந்தால் செத்த வயர் என்று அது பொய் சொல்லும் அல்லவா, அதற்காகத்தான் இந்த மூன்றாவது சோதனை. இதைச் செய்பவரைப் பார்த்தால் நான் மேற்கொண்டு பெரிதாக எதையும் சோதிப்பதில்லை.

கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதும் பார்க்க வேண்டியது. சிவப்பு விளக்கு எரியும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் மட்டும் வைத்துக்கொண்டு கோளாறு கண்டுபிடிக்க வருபவர், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலுக்கு மருந்து எழுதும் டாக்டர் மாதிரி. அந்த டெஸ்டர் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்) இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும், அதுவும் சில நேரம் பக்கத்து வயரின் தூண்டலுக்கே லேசாக எரியும். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அறுந்திருப்பதோ, எர்த் இல்லாததோ அதில் தெரியாது. குறைந்தபட்சம் மல்டிமீட்டர் வேண்டும். லீக்கேஜ் தேட வேண்டும் என்றால் மெகர் (வயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) வேண்டும். 230 வோல்ட் வீட்டு வயரிங்கை அதில் 500 வோல்ட் கொடுத்துச் சோதித்தால், இன்சுலேஷன் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. நல்ல வயரிங் இதைவிடப் பல மடங்கு காட்டும்.

வேலை முடியும் தறுவாயில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு வயரை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறாரா? இது ஒரு நொடி வேலைதான், ஆனால் வீட்டில் பிடிக்கும் மின் தீயில் ஒரு பகுதி இந்த ஒரு நொடியைச் செலவழிக்காததால் வருவது. லூஸ் கனெக்ஷன் எப்படிச் சூடாகிறது என்று ஒரு கணக்கு: தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகி, அதன் வழியே 10 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடுகளவு இடத்தில் 50 வாட் சூடு. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிளாஸ்டிக் போர்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து மூடிவைத்த மாதிரி. இந்தக் கோளாறுக்கு எம்சிபி விழாது, ஏனென்றால் லைனில் போவது வழக்கமான 10 ஆம்பியர்தான். உங்கள் ஹால் போர்டு சுடுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். பழைய ஃபேன் ரெகுலேட்டரோ டிம்மரோ அதில் இருந்தால் லேசான சூடு இயல்புதான், ஆனால் எம்சிபி மாற்றிய பிறகு வந்த சூட்டை அப்படி நினைத்து விட்டுவிடக் கூடாது.

நானும் ஒரு காலத்தில் வேகத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், என் சொந்த வீட்டு வேலையை நேரம் இல்லாமல் இன்னொருவரிடம் கொடுத்தேன். மடமடவென்று முடித்தார், கை அவ்வளவு சுத்தம் என்று மெச்சிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து வாஷிங் மெஷின் பிளக் பாயின்ட் உருகி வழிந்தது. திறந்து பார்த்தால், துளைக்குள் நுழையவில்லை என்று வயரின் இழைகளில் பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் நுழைத்திருந்தார். எர்த் வயர் எங்கும் இணைக்கப்படாமல் சுருட்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. தப்பு அவருடையது, நின்று பார்க்காதது என்னுடையது.

சில வார்த்தைகளைக் கேட்டால் வேலையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். "பெரிய எம்சிபி போட்டா சரியாயிடும்" என்பதைப் பார்த்தாயிற்று. "எர்த் எல்லாம் தேவையில்லை, பேருக்குத்தான்" என்பது இன்னொன்று. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது: "இந்த ஆர்சிசிபிதான் தொல்லை, எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடறேன்."

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். ஆர்சிசிபி வேலை செய்வது வேறு விதத்தில். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று எந்நேரமும் கணக்குப் பார்க்கும். வராவிட்டால் எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக. வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் வகை. ஒரு 10 வாட் குண்டு பல்ப் 230 வோல்ட்டில் எடுப்பதே சுமார் 43 மில்லியாம்பியர். அதைவிடக் குறைந்த கரண்டுக்கு என்ன அவசரம் என்று தோன்றும். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் டால்சியல், தன்னார்வலர்களை வைத்து எவ்வளவு கரண்ட் வரை ஒருவரால் பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிறது என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியர். அதற்கு மேல் போனால் கைத் தசை இறுகிவிடும், விட நினைத்தாலும் முடியாது. இப்படிப்பட்ட ஆட்களைக் காப்பாற்றும் கருவி ஒன்றை 1960களின் தொடக்கத்தில் அவரே உருவாக்கவும் செய்தார். நம் வீட்டு ஆர்சிசிபி அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதைக் கழற்றுகிறேன் என்பவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் செய்ய வேண்டியது, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டி, எதை மாட்டும்போது விழுகிறது என்று பார்ப்பது. பாதி நேரம் பழைய ஹீட்டரோ, அயர்ன் பாக்ஸோ, ஈரம் ஏறிய வெளிப்புற விளக்கோதான் மாட்டும். இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், சில மாதங்களுக்கு ஒரு முறை அதை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அவசரம் என்றால் எது அவசரம்? ஒரு ஃபேன் மெதுவாகச் சுற்றுவது, ஒரு பல்ப் எரியாதது எல்லாம் அவசரம் இல்லை. கருகிய நாற்றம் (சிலருக்கு மீன் நாற்றம் மாதிரி வரும், சூடேறும் பிளாஸ்டிக்கின் வேலை அது), போர்டுக்குள் சடசட சத்தம், டிபி பாக்ஸில் தண்ணீர், குழாயையோ ஃபிரிட்ஜையோ தொட்டால் ஷாக் அடிப்பது போன்றவை அவசரம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில விளக்குகள் திடீரென்று கண் கூசும்படியும், வேறு சில மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பில் அப்படி ஆனால் 230 வோல்ட் வர வேண்டிய பாயின்ட்டில் 400 வோல்ட் வரைகூட வந்துவிடும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் சில நொடிகளில் போய்விடும். யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள்.

அப்போது யாரைக் கூப்பிடுவது என்பதிலும் குழப்பம் வரும். பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லை, அல்லது மீட்டருக்கு முன்னால் கோளாறு என்றால் மின் விநியோகம் செய்பவர்களைத்தான் அழைக்க வேண்டும். தனியார் எலக்ட்ரீஷியன் அங்கே கை வைக்கக் கூடாது, வைக்கிறேன் என்று சொல்பவரும் வேண்டாம். எம்சிபி விழுந்தால், அந்த லைனில் உள்ள சாமான்களை எல்லாம் ஆஃப் செய்துவிட்டு ஒரே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பத் தூக்கினால் உள்ளே எரிந்துகொண்டிருப்பதற்கு நாமே தீனி போடுகிறோம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தெரியுமா? இன்றைக்கே காட்டிவையுங்கள், குழந்தைகளுக்கும்தான்.

இரவு நேர அழைப்பு பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, தொழிலில் இருக்கும் சிலருக்குப் பிடிக்காது. இரவில் வரும் அழைப்புகளில் பாதிக்கு ஆள் வரவே தேவையில்லை. பழுதான லைனின் எம்சிபியை மட்டும் இறக்கிவைத்துவிட்டால் மற்ற அறைகளில் கரண்ட் இருக்கும், வயரும் செத்துக்கிடக்கும், காலையில் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்கலாம். போனில் நான்கு கேள்வி கேட்டுவிட்டு, "மூணாவது எம்சிபியை மட்டும் இறக்கிட்டுத் தூங்குங்க, எட்டு மணிக்கு வரேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் இரவு வருமானத்தை விட்டுக்கொடுத்து உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார். இதற்காகவே டிபி பாக்ஸில் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று சீட்டு எழுதி ஒட்டிவைக்க வேண்டும். எழுதி ஒட்டிக்கொடுங்கள் என்று முதல் நாளே எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். முகம் சுளிக்காமல் செய்தால் அதுவும் ஒரு நல்ல குறி.

கிடைத்த ஆளைத் தக்கவைப்பது நம் கையில். தேடிப் பார்க்க ஆன நேரத்துக்கும் கூலி கொடுங்கள். "ஒரு ஸ்க்ரூவை இறுக்கினதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசினால், அடுத்த முறை அவர் ஸ்க்ரூவோடு சேர்த்து வேண்டாத நான்கு சாமானையும் மாற்றிவிட்டுக் கணக்குக் காட்டுவார். தப்பு முழுக்க அவருடையது என்றும் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு முறை டிபி பாக்ஸில் உள்ள இணைப்புகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லி வேலை கொடுங்கள். கழற்றிய சாமானைக் காட்டச் சொல்லுங்கள், செய்ததை எழுதி வாங்குங்கள். அவர் ஊரில் இல்லாத நாளுக்கு, அவரிடமே இன்னொருவர் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல தொழில்காரர் மோசமானவரைக் கைகாட்டமாட்டார், தன் பெயர் கெடும் என்று.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நாளைக்கு யாரை அழைத்தாலும் "பழையபடி 10 ஆம்பியர் எம்சிபி போட்டுடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லி, "இந்த லைன்ல என்ன சைஸ் வயர் போகுது, முதல்ல ஏன் டிரிப் ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மெயினை இறக்கி, ஹால் போர்டின் மூடியைக் கழற்றி, கருகிய இடம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த லைனில் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று விசாரித்த பிறகு பதில் சொல்கிறார் என்றால் அவர் எண்ணைச் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். கேள்வி முடிவதற்குள் பையிலிருந்து புது எம்சிபியை எடுத்தால், வந்ததற்கான கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரை அழையுங்கள்.